அப்பாவுக்கு இரண்டு பெயர், காகிதத்தில் இரண்டு ஆள்

இதில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றியவை. அப்பாவின் ஆவணப் பெயரைச் சுப்பிரமணியன் என்றும், ஊர் கூப்பிட்ட பெயரை ராசு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இறந்தபின், இந்த இருவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எனக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. சம்பளம் பிடித்த விடுப்பு, பஸ் காசு, வக்கீல், நோட்டரி, நகல் செலவு எல்லாம் சேர்த்தால் ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டிப் போயிருக்கும். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதனால் எந்த அலுவலகம் என்றாலும் நான்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சலில் பாதியாவது, விஷயம் தெரிந்த ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போதே இதைப் படிப்பவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பயன்படும்.

முதலில் இரண்டு பெயர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இதே கதைதான். எங்கள் பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான் வைத்தார்கள். ஆனால் அப்பத்தாவுக்கு அது மாமனார் பெயர். மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது "டேய் சுப்பிரமணியா, இங்க வாடா" என்று பிள்ளையை எப்படி அதட்டுவது? அதனால் ராசு. வீடு கூப்பிட்டதையே ஊரும் கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தாத்தா கூட்டிக்கொண்டு போனபோது மட்டும் முழுப்பெயரைச் சொல்லிச் சேர்த்திருக்கிறார். எட்டாவதோடு படிப்பு நின்றது. அதற்கப்புறம் வாக்காளர் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் சுப்பிரமணியன். வயல், கடன், மொய் நோட்டு எல்லாம் ராசு. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்தவர்களைப் பிச்சை, குப்பாயி என்று கூப்பிடுவார்களே, அந்த வீடுகளிலும் இப்படி இரண்டு பெயர் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பா இருக்கும்போதே ஒரு அறிகுறி வந்தது. விவசாயிகளுக்கு வருடம் 6,000 ரூபாயை 3 தவணையாகத் தரும் மத்திய அரசின் கிசான் திட்டப் பணம் அவருக்கு வந்துகொண்டிருந்தது. நில விவரத்தை ஆதாரோடு இணைக்கச் சொன்ன சமயத்தில் அது நின்றுபோனது. பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். "ரெண்டாயிரம் ரூவாய்க்காக ஒருநாள் கூலிய விட்டுட்டு தாலுகா ஆபீசுக்கு அலையணுமா, போகட்டும் விடு" என்றார் அப்பா. அவர் கணக்கில் அது சரிதான். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது உதவித்தொகை காரணம் தெரியாமல் நின்றிருந்தால், தொகை சின்னது என்று விட்டுவிடாமல் பட்டாவையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்துவிடுங்கள்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு விடியற்காலை. நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து கிளம்பி வருவதற்குள் பக்கத்து வீட்டு மாமாதான் ஆட்டோவில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். சீட்டு போடும் இடத்தில் பெயர் கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்த பெயரைச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டில் அட்டையில் ராசு என்று இருந்தது. அந்த நேரத்தில் அதெல்லாம் யார் கண்ணில் படும்? மறுநாள் அப்பா போய்விட்டார். மருத்துவமனையில் நடக்கும் இறப்பை, அவர்கள் அனுப்பும் விவரத்தை வைத்துத்தான் பதிவு செய்கிறார்கள். காரியமெல்லாம் முடிந்து இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தபோது, இறந்தவர் பெயர் ராசு.

இதைப் படிப்பவர்கள் செய்யக்கூடிய மிகச் சுலபமான காரியம் இங்கேதான் இருக்கிறது. வயதானவர்களின் ஆதார் நகலைச் சட்டைப் பையிலோ பணப்பையிலோ எப்போதும் வைத்திருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இருவரின் செல்போனிலும் அதன் படத்தை அனுப்பி வையுங்கள். அவசரமாகச் சேர்த்தபோது தவறான பெயர் விழுந்திருந்தால், நோயாளி வார்டில் இருக்கும்போதே ஆதாரைக் காட்டித் திருத்தச் சொல்லலாம். இறப்பு நேர்ந்துவிட்டால், 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. மருத்துவமனை அந்த விவரத்தை அனுப்புவதற்கு முன் வீட்டார் ஒருவர் போய் பெயர், தகப்பனார் பெயர், முகவரி மூன்றையும் பார்த்துவிட்டால் போதும். துக்க வீட்டில் இதை யார் செய்வது என்று கேட்பீர்கள். வீட்டுக்கு வெளியே உள்ள, நிதானமான ஒரு மச்சானிடமோ நண்பரிடமோ இதை ஒப்படையுங்கள். பந்தல்காரரிடம் பேச ஓர் ஆள் கிடைக்கிறார் அல்லவா, அதுபோல.

வங்கிக்குப் போனபோதுதான் எனக்கு நிலைமை புரிந்தது. அப்பா பெயரில் ஒரு வைப்புத்தொகை, அவருக்குப் பின் பணத்தை வாங்கிக்கொள்ளும் நாமினியாக அம்மாவை நியமித்திருந்தார். கவுன்டரில் இருந்தவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "ராசுன்னு இருக்கே, எங்க கஸ்டமர் சுப்பிரமணியன் இல்லையா?" என்றார். ரெண்டும் ஒருத்தர்தான் என்றேன். "அது உங்களுக்குத் தெரியும்மா, எனக்குக் காகிதத்துல தெரியணுமே" என்றார். தப்பாகப் பேசவில்லை, கோபமும் இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. என் ஆதாரில் தகப்பனார் சுப்பிரமணியன். அவர் இறந்ததற்கு ஆதாரம் இல்லை. இறந்த ராசுவுக்கு நான் மகள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. வெளியே வந்து அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "மேனேஜர் லீவு" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அரசிதழில் பெயர் மாற்றம் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். அதற்கு விண்ணப்பிப்பவர் உயிரோடு இருக்க வேண்டும், இறந்தவர் சார்பில் நாம் பெயர் மாற்ற முடியாது. தாலுகா அலுவலக வாசலில் ஓர் இடைத்தரகர் "ஒரே ஆள்தான்னு சர்ட்டிபிகேட் வாங்கித் தர்றேன்" என்று ஐயாயிரம் வாங்கிக்கொண்டார். அந்தப் பணமும் வரவில்லை, சான்றிதழும் வரவில்லை. ஒரு வக்கீல், உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்குப் போட்டு இருவரும் ஒருவரே என்று தீர்ப்பு வாங்க வேண்டும் என்றார். முன்பணம் பதினைந்தாயிரம். சட்டப்படி அப்படி ஒரு வழி இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் யாரும் எதிர்க்காத, சொத்துத் தகராறே இல்லாத எங்கள் வீட்டு விஷயத்துக்கு அது முதல் வழி அல்ல, கடைசி வழி. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகும் வழக்கு எண்கூடக் கிடைக்காதபோதுதான் நான் வேறு பக்கம் திரும்பினேன்.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு, வங்கிப் பணம் போன்றவற்றுக்காக 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். முறையாக நியமித்த நாமினி இருந்தால் நீதிமன்றச் சான்று கேட்டு வங்கி வற்புறுத்தக் கூடாது, தேவையான காகிதங்கள் கைக்கு வந்ததிலிருந்து 15 நாளில் பணத்தைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதாவது எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு காகிதம்தான்: பெயர் பொருந்தும் இறப்புச் சான்றிதழ்.

வழி காட்டியவர் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்த ஒரு வயதான எழுத்தர். நான் "ராசு என்பதை எடுத்துவிட்டு சுப்பிரமணியன் என்று போட வேண்டும்" என்று மனு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். வக்கீல் ஆபீசில் எழுதிக் கொடுத்த மனு அது. அவர் படித்துப் பார்த்துவிட்டு, "நிலம் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார். ராசு பேரில் என்றேன். "அப்ப இதை எடுத்துட்டா பேங்க் வேலை முடியும், பட்டா வேலை நிக்கும். எடுக்கச் சொல்லாதீங்க, சேர்க்கச் சொல்லுங்க. ராசு என்கிற சுப்பிரமணியன்னு கேளுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எத்தனை பேருக்குக் காசு கொடுத்திருந்தேன் என்று நினைத்தபோது சிரிப்புதான் வந்தது.

1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15 ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. பதிவில் பிழை இருந்தால் பதிவாளர் திருத்தலாம். பழைய பதிவை அடிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுவார்கள். விவரம் தெரிந்த, நம்பகமான இருவர் உறுதிமொழி தர வேண்டும். அதோடு ஆவண ஆதாரமும் கேட்பார்கள். சாட்சிக்கு உறவுக்காரரைத் தவிர்த்துவிட்டு, அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்த ஒருவரையும் ஊரில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போனேன். இது உதவியது. இருவருக்குமே இரண்டு பெயரும் தெரியும், எப்படி வந்தது என்றும் சொல்ல முடிந்தது.

ஆவணத்துக்கு வருகிறேன். நான் கொண்டுபோனதில் பல எடுபடவில்லை. ஊரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் இரண்டு பெயரும் இருந்தது. என் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தோம். பத்திரிகை அடிக்கிறவருக்கும் ஃபிளக்ஸ் போடுகிறவருக்கும் ஊரில் ஆளை எப்படி அடையாளம் சொல்வது என்று தெரிந்திருக்கிறது. ஆனால் அதெல்லாம் நாமே அடித்துக்கொள்வதுதானே என்று ஒதுக்கிவிட்டார்கள். சுவரொட்டியை மடித்து எடுத்துக்கொண்டு போய் அதிகாரி மேசையில் விரித்துக் காட்டியதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. எடுபட்டவை மூன்று. அப்பா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகல், அதில் பெயரும் தாத்தா பெயரும் ஊரும் இருந்தது. பழைய வாக்காளர் பட்டியல், அதில் அதே கதவு எண்ணில் அம்மா பெயரோடு சுப்பிரமணியன் இருந்தார். எல்லாவற்றையும் விடப் பெரியது 1991 இல் அப்பாவும் சித்தப்பாவும் போட்டுக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம்.

அந்தப் பத்திரம் வீட்டில் இல்லை, கறையான் அரித்துவிட்டது என்றார் அம்மா. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கச் சான்று பார்த்தேன், இதைப் பார்க்கக் காசு இல்லை. பெயரை வைத்துத் தேடாதீர்கள், நம் சிக்கலே பெயர்தான். சர்வே எண்ணை வைத்துத் தேடினால் ஆவண எண்ணும் வருடமும் கிடைக்கும். அதை வைத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் வாங்கினேன். முதல் பக்கத்திலேயே இருந்தது, "ராசு என்கிற சுப்பிரமணியன்" என்று. அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர் யாரோ, பெயர் கேட்டு, கூப்பிடும் பெயரையும் கேட்டு, இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு கும்பிடு. பட்டா மாற்றியவர்கள்தான் அதில் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு ராசு என்று ஏற்றியிருக்கிறார்கள். முப்பது வருடத்துக்குமேல் எங்களுக்கான பதில் பதிவு அலுவலகத்திலேயே கிடந்திருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஒரு சிக்கல் என்றால், வக்கீலைப் பார்ப்பதற்கு முன் குடும்பத்தின் பழைய பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் எடுத்துப் படியுங்கள். சொத்து விவரத்தைப் பிறகு பார்க்கலாம். எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர், சாட்சி என்று ஆள் பெயர் வரும் வரிகளைப் பாருங்கள்.

சான்றிதழில் "ராசு என்கிற சுப்பிரமணியன்" என்று திருத்தம் ஏறியதும் மற்றவை மெல்ல நகர்ந்தன. வங்கி இரண்டே வாரத்தில் பணம் கொடுத்தது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். செலவு பெரிதில்லை, விசாரணைதான் நேரம் பிடிக்கும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிக்க வந்தபோது தலையாரி ஐயாதான் காப்பாற்றினார். "சார், இந்த ஊர்ல ஆதார் பேரச் சொல்லிக் கேட்டா ஒருத்தரும் தெரியாதும்பாக, கூப்பிடுற பேரச் சொல்லிக் கேளுங்க" என்றார். விசாரணை நாளில் அக்கம்பக்கத்தாரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். அவர்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை, "சுப்பிரமணியனா, அப்படி யாரும் இங்க இல்லையே" என்று உண்மையாகவே சொல்லிவிடுவார்கள், அதுதான் ஆபத்து. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவர் பெயரையும் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் நிலை வாரிசு. விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பட்டா மாற்றத்துக்கு இணையத்தில் கொடுத்த மனு, பெயர் பொருந்தவில்லை என்று ஒருமுறை தள்ளுபடி ஆனது. தள்ளுபடி என்றால் முடிந்துபோனது என்று நினைத்து ஒரு வாரம் தூங்கவில்லை. அப்படியெல்லாம் இல்லை, குறையைச் சரிசெய்து திரும்பப் போடலாம். நான் ஜமாபந்தி வரை காத்திருந்தேன். வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30 இல் முடிவதால், அதையொட்டி ஒவ்வொரு தாலுகாவிலும் ஜமாபந்தி என்கிற வருவாய்த் தீர்வாயம் நடக்கும். கிராமக் கணக்குகள் எல்லாம் அன்று மேசைக்கு வரும், சம்பந்தப்பட்ட அலுவலர்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள். பத்திர நகல், திருத்திய இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் வரிசையாகத் தைத்து, எந்தப் பக்கத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மேலே வைத்துக் கொடுத்தேன். அந்த ஒற்றைத் தாளைத்தான் முதலில் படித்தார்கள். அதைப் படித்த பிறகு என்னிடம் கேள்வியே கேட்கவில்லை.

இப்போது அம்மா விஷயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் அவர் கண்ணம்மா. ஆதாரில் முத்துலட்சுமி, குடும்ப அட்டையில் முத்துலெட்சுமி. ஒரு கொம்புதான் வித்தியாசம், ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது அது நாலைந்து எழுத்து வித்தியாசமாகிவிடுகிறது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் திருத்த முடியும். அதனால் எதைத் தொடுவது என்று முடிவெடுக்காமல் ஆதாரைத் திருத்தப் போகாதீர்கள். எந்த ஆவணத்தை மாற்றுவது ஆகக் கடினமோ, அதில் உள்ளபடியே மற்றவற்றைக் கொண்டுவருவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது. அம்மாவுக்குப் புதுப் பட்டா ஆதார்ப்படி வந்துவிட்டது, எனவே குடும்ப அட்டையைத்தான் திருத்தப் போகிறேன். கண்ணம்மா என்ற பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை என்பதால் அதைக் கிளறவில்லை. ஒருவேளை இருந்திருந்தால், அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே இரண்டு பெயரையும் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை நோட்டரியிடம் எழுதி வாங்கி வைத்திருப்பேன். அடுத்து எழுதும் எந்தப் பத்திரத்திலும் "என்கிற" போடச் சொல்லியிருப்பேன்.

வீட்டு மின் இணைப்பு மட்டும் இன்னும் ராசு பெயரிலேயே இருக்கிறது, அதற்கு இதே காகிதங்கள் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பாவின் பட்டாவையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் கூப்பிடும் பெயர்தான் ஏறியிருக்கிறது. "நானே உசிரோட இருக்கேன், என்னையவே நான்தான்னு எழுதிக் கொடுக்கணுமாக்கும்" என்று முதலில் எகிறினார். அதே பத்திரத்தின் நகலில் இன்னொன்று எடுத்துக் கொடுத்து, மனுவையும் எழுதி வைத்திருக்கிறேன். வருகிற ஜமாபந்தியில் அவரையே நேரில் கூட்டிக்கொண்டு போய்க் கொடுக்கப் போகிறோம்.